இரண்டு திருகாணியும் ஒரு பூட்டும்

2022 செப்டம்பர் 7 அன்று ஆப்பிள் ஐஃபோன் 14-ஐ மேடையேற்றியபோது விமர்சகர்கள் பலரும் ஒரே குறையைத்தான் சொன்னார்கள்: இது 13-தான், பெயர்தான் மாறியிருக்கிறது. அதில் நியாயம் இருந்தது. முந்தைய ஆண்டின் ஏ15 சிப்பே இதிலும் இருந்தது. கிராஃபிக்ஸுக்கு ஒரு கோர் மட்டும் கூடுதல். புதிய ஏ16 ப்ரோ மாடல்களுக்குப் போய்விட்டது. இருபதாயிரம் ரூபாய் ஃபோன்களிலேயே 120 ஹெர்ட்ஸ் திரை வந்துவிட்ட காலத்தில், 79,900 ரூபாய் ஃபோனில் 60 ஹெர்ட்ஸ். 13-இன் விலை அதே நேரத்தில் 69,900 ஆகக் குறைந்தது. ஆக, வாங்குபவர் கேட்க வேண்டிய கேள்வி நேரடியானது: கூடுதல் பத்தாயிரத்துக்கு என்ன கிடைக்கிறது?

நினைவகம் 4 ஜிபியிலிருந்து 6 ஜிபி ஆனது. பெரிய சென்சார் கொண்ட முதன்மைக் கேமரா குறைந்த வெளிச்சத்தில் கொஞ்சம் மேலான படம் எடுக்கும். முன் கேமராவுக்கு ஆட்டோஃபோகஸ் வந்தது. விபத்தை உணர்ந்து அவசர உதவியைத் தானே அழைக்கும் வசதி வந்தது. 256 ஜி (புவியீர்ப்பின் 256 மடங்கு) வரை அளக்கும் முடுக்கமானி அதற்காகவே உள்ளே வைக்கப்பட்டது. ரோலர் கோஸ்டரில் போனவர்களின் ஃபோன்களும் அமெரிக்காவில் அவசர எண்ணை அழைத்த கதைகள் சில வாரங்களில் வந்தன. ஆனாலும் இரவில் தனியாக நெடுஞ்சாலையில் ஓட்டுபவருக்கு இது வீண் வசதி என்று நான் சொல்ல மாட்டேன். செயற்கைக்கோள் வழி அவசரச் செய்தி 2022 நவம்பரில் அமெரிக்காவிலும் கனடாவிலும் தொடங்கியது. அப்போது இந்தியாவில் வாங்கியவருக்கு அதனால் பயனில்லை. இவ்வளவுக்குப் பத்தாயிரம் அதிகம் என்பதுதான் அன்றைய என் கணக்கும்.

ஆனால் அந்த விமர்சனங்கள் பெரும்பாலும் வெளியிலிருந்தே பார்த்தன. இந்த ஃபோனின் உண்மையான மாற்றம் உள்ளே இருந்தது. ஆப்பிள் மேடையில் அதைப் பெரிதாகப் பேசவில்லை.

2017-இல் ஐஃபோன் 8 வந்ததிலிருந்து பின்பக்கம் கண்ணாடியானது. அந்தக் கண்ணாடி உடலோடு சேர்த்து ஒட்டப்பட்டிருந்தது. கீழே விழுந்து உடைந்தால் கடைக்காரர் லேசர் வைத்துப் பசையை எரித்து, துண்டு துண்டாகச் சுரண்டி எடுக்க வேண்டும். கொஞ்சம் கை தவறினால் அடியில் உள்ள கேபிள் போய்விடும். அதிகாரபூர்வ சர்வீஸ் சென்டரில் ஏறக்குறைய முழு ஃபோனையுமே மாற்றிய விலையாகும். ஐஃபோன் 14-இல் பொறியாளர்கள் நடுவில் ஓர் உலோகத் தட்டை வைத்து உடலை இரண்டாகப் பிரித்தார்கள். திரை முன்பக்கமாகத் திறக்கும். பின் கண்ணாடி பின்பக்கமாகத் திறக்கும். பசையை இளக்கினால் கண்ணாடியைப் பிடித்திருப்பவை இரண்டு ஸ்க்ரூ, ஒரு கனெக்டர். அன்று அமெரிக்காவில் உத்தரவாதத்துக்கு வெளியே 13-இன் பின் கண்ணாடி மாற்ற 349 டாலர், 14-க்கு 169. பழைய கட்டமைப்பிலேயே இருந்த 14 ப்ரோவுக்கு 499. அதிக விலை கொடுத்தவருக்கு அதிகப் பழுதுச் செலவு. இந்த மூன்று எண்களும் வடிவமைப்பாளர் எடுக்கும் ஒரு முடிவு வீட்டுச் செலவை எப்படி மாற்றும் என்று காட்டுகின்றன.

பிரித்துப் பார்த்து மதிப்பெண் போடும் ஐஃபிக்ஸிட் நிறுவனம் இதைக் கொண்டாடி 10-க்கு 7 கொடுத்தது. ஓராண்டு கழித்து, 2023 செப்டம்பரில், அதே ஃபோனுக்கு அதே நிறுவனம் மதிப்பெண்ணை 4 ஆகக் குறைத்தது. ஃபோனில் ஒரு ஸ்க்ரூவும் மாறவில்லை. திறப்பது எத்தனை எளிது என்று முதலில் அளந்தார்கள். திறந்து, பாகத்தை மாற்றி, மூடியபின் ஃபோன் முழுதாக வேலை செய்கிறதா என்று பின்னர் அளந்தார்கள். இரண்டாவது அளவுகோலே சரியானது. முன்பு கொடுத்த மதிப்பெண் தவறு என்று வெளிப்படையாகத் திருத்தியதையும் பாராட்டுகிறேன்.

ஏன் 4? ஒவ்வொரு முக்கியப் பாகத்துக்கும் ஒரு வரிசை எண் உண்டு. மென்பொருள் அதை போர்டோடு கட்டிவைத்திருக்கிறது. அன்று திரையை மாற்றினால் சூழலுக்கேற்ப நிறம் மாறும் ட்ரூ டோன் போகும் வாய்ப்பு இருந்தது. பேட்டரியை மாற்றினால் அதன் நலக் கணக்கு மறைந்து எச்சரிக்கை வந்தது. இன்னொரு ஐஃபோன் 14-இலிருந்து எடுத்த அசல் பாகமாக இருந்தாலும் இதே கதைதான் நடந்தது. ஆப்பிளின் சர்வர் ஒப்புக்கொண்டால்தான் அந்தப் பாகம் முழு உரிமையோடு வேலை செய்தது.

ஆப்பிள் சொல்லும் காரணங்களைத் தள்ளிவிட முடியாது. முகத்தை அடையாளம் காணும் ஃபேஸ் ஐடி சென்சாரை யார் வேண்டுமானாலும் மாற்றலாம் என்றால் வங்கிக் கணக்கே ஆபத்தில். போலி பேட்டரி தீப்பிடிக்கக்கூடும். திருட்டு ஃபோன்கள் பாகங்களாகப் பிரித்து விற்கப்படுகின்றன. ஃபேஸ் ஐடி விஷயத்தில் நான் ஆப்பிளின் பக்கம். மற்றவற்றில் அந்த வாதம் நிற்கவில்லை. அதை நிற்கவிடாமல் செய்தது ஆப்பிளேதான். 2024 ஏப்ரலில் அந்நிறுவனம் ஓர் அறிவிப்பு செய்தது: அவ்வாண்டின் இறுதிப் பகுதியிலிருந்து, தேர்ந்தெடுத்த மாடல்களில், பயன்படுத்திய அசல் பாகங்களையும் பொருத்தலாம், ஃபோனே அவற்றை அளவு சரிசெய்துகொள்ளும், திருடுபோனதாகப் பூட்டப்பட்ட ஃபோனின் பாகங்கள் மட்டும் தடுக்கப்படும். திருட்டுப் பாகத்தை மட்டும் தனியே தடுக்க முடியும் என்றால், நேர்மையாகக் கிடைத்த பாகத்தை இத்தனை ஆண்டுகள் ஏன் தடுத்தார்கள்? அமெரிக்காவின் ஓரிகன் மாநிலம் பாகங்களை இப்படிக் கட்டிவைப்பதைத் தடைசெய்யும் சட்டத்துக்கு அதற்கு முந்தைய மாதம்தான் ஒப்புதல் கொடுத்திருந்தது. அந்தத் தடையும் 2025 முதல் புதிதாக வரும் கருவிகளுக்கே. 14 அதற்குள் வராது.

இங்கே எனக்கு வலிக்கும் விஷயம் ஒன்று உண்டு. 2022 செப்டம்பர் 26 அன்று ஐஃபோன் 14 இந்தியாவில் தயாராகிறது என்று ஆப்பிள் உறுதிசெய்தது. அது தயாரானது ஸ்ரீபெரும்புதூரில். அந்தப் பாகங்களைக் கோத்து மூடியவர்கள் பெரும்பாலும் நம் ஊர்ப் பெண்கள். அங்கிருந்து சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் அதிக தூரமில்லை. மைக்ராஸ்கோப் வைத்து போர்டில் ஐசி மாற்றும் கைகள் அங்கே இருக்கின்றன. தாமே பழுதுபார்ப்பவர்களுக்கு அசல் பாகமும் கையேடும் தரும் திட்டத்தை ஆப்பிள் 2022 ஏப்ரலில் அமெரிக்காவிலும், டிசம்பரில் எட்டு ஐரோப்பிய நாடுகளிலும் தொடங்கியது. இரண்டு பட்டியலிலும் இந்தியா இல்லை. கோக்க நம்பிய கைகளை, கழற்றிச் சரிசெய்ய நம்பவில்லை.

என் தீர்ப்பு இது. கட்டமைப்பு என்ற அளவில் ஐஃபோன் 14, ஐஃபோன் 8 முதல் அதுவரை வந்த எல்லாவற்றையும்விடச் சிறந்தது. அடுத்த ஆண்டு 15 ப்ரோவும் இதே வழிக்கு வந்தது அதற்குச் சான்று. பழுதுபார்க்கும் உரிமை என்ற அளவில் 4 என்பதே சரியான மதிப்பெண். அதிகாரபூர்வ மையம் பக்கத்தில் இருக்கிறவர், செலவைத் தாங்குகிறவர் தயங்க வேண்டியதில்லை. மையத்துக்கு அரை நாள் பயணம் செய்ய வேண்டியவருக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். இதன் பேட்டரி 500 முறை முழுதாக ஏற்றி இறக்கியபின் 80 விழுக்காடு கொள்ளளவில் நிற்கும் என்பதே ஆப்பிளின் சொந்தக் கணக்கு. 2022-இல் வாங்கியவர்களில் பலர் அந்தக் கட்டத்தைக் கடந்திருப்பார்கள். பழைய 14 ஒன்றை விலை பேசுகிறவர்கள் பணம் கொடுப்பதற்கு முன் செட்டிங்ஸில் ஜெனரல், அதற்குள் அபவுட் என்று போய், மாற்றிய பாகங்களின் வரலாறு அங்கே தெரிகிறதா, அசல் என்கிறதா, தெரியாத பாகம் என்கிறதா என்று பார்த்துவிட்டு விலையைச் சொல்லுங்கள்.