ராகுவும் புதுச்சேரிச் சோழிக் கணக்கும்

2025 செப்டம்பர் 7ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை இரவு, முழுச் சந்திர கிரகணம் ஒன்று நிகழ்ந்தது. இரவு 9 மணி 57 நிமிடத்துக்கு நிழல் சந்திரனைத் தொட்டது. 11 மணிக்கு மேல் 82 நிமிட நேரம் சந்திரன் முழுவதும் மறைந்து செம்பு நிறத்தில் நின்றது. 1 மணி 26 நிமிடத்துக்கு எல்லாம் முடிந்தது. மறுநாள் வகுப்பில் இதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது பின்வரிசை மாணவன் ஒருவன் எழுந்தான். "எங்க அக்கா முழுகாம இருக்குது சார். நேத்து மத்தியானத்துலேர்ந்து பச்சத் தண்ணி பல்லுல படாம ரூமுக்குள்ளயே உட்கார வெச்சிட்டாங்க. விடியக் காலைல மயக்கம் போட்டுடுச்சு" என்றான். வகுப்பில் சிலர் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை.

அந்தப் பெண்ணை அறைக்குள் அடைத்தது நிழலன்று, ஒரு கதை. எனவே நான் இங்கே விமரிசனத்துக்கு எடுத்துக்கொள்வது ஏதோ ஒரு நூலை அன்று. ராகு என்ற அசுரனின் கதையையும், அக்கதைக்கு நம் காலத்தில் மேடைகளிலும் பத்திரிகைகளிலும் சொல்லப்பட்டுவரும் உரைகளையும்தான்.

கதை எல்லோருக்கும் தெரிந்ததே. பாற்கடலில் அமுதம் எழுந்தது. தேவர் வரிசையில் ஓர் அசுரன் மாறுவேடத்தில் உட்கார்ந்துவிட்டான். சூரியனும் சந்திரனும் காட்டிக் கொடுத்தார்கள். திருமால் தலையைத் துண்டித்தார். ஆனால் அமுதம் அதற்குள் தொண்டையைத் தொட்டுவிட்டதால் தலை சாகவில்லை. அந்தத் தலை பழிவாங்க இருவரையும் விழுங்குகிறது. கழுத்துக்குக் கீழே உடம்பு இல்லாததால் விழுங்கியது வெளியே வந்துவிடுகிறது.

கதை என்ற அளவில் இதை நான் மிகவும் மதிக்கிறேன். மறைவதற்குக் காரணம் சொல்லும் கதைகள் உலகெங்கும் உண்டு. திரும்பி வருவதற்கும் காரணம் சொல்லும் கதைகள் குறைவு. வடஐரோப்பியர் ஓநாய்கள் துரத்துவதாகச் சொன்னார்கள். கொரியாவில் நெருப்பு நாய்கள் கடித்துப் பார்த்துச் சூடு தாங்காமல் துப்பிவிடும். வியட்நாமில் ஒரு தவளை. சீன மொழியில் கிரகணத்தைக் குறிக்கும் சொல்லிலேயே 'உண்ணுதல்' என்ற பொருள் இருக்கிறது. நம் ராகு கடல் கடந்தும் போயிருக்கிறான். ஜாவாவிலும் பாலியிலும் வெட்டுண்ட அவன் உடல் பூமியில் விழுந்து நெல் குத்தும் உரலாகிவிட்டதாம். அதனால் கிரகணத்தின்போது அங்குள்ளவர்கள் உரலை உலக்கையால் தட்டி ஒலி எழுப்பினார்கள்.

பௌதிக ஆசிரியன் ஒருவன் கேட்க வேண்டிய கேள்வி வேறு. இக்கதை 'ஏன்' என்பதற்கு விடை தருகிறது. 'எப்போது' என்பதற்குத் தருகிறதா? பழி தீர்க்க நினைப்பவன் மாதந்தோறும் வரலாமே! பௌர்ணமியன்றும் அமாவாசையன்றும் மட்டும் வருவானேன்? எல்லாப் பௌர்ணமிக்கும் வராதது ஏன்? கதை இங்கே வாய் திறப்பதில்லை.

இக்கேள்விகளைக் கேட்ட முதல் ஆள் நானல்லன். கி.பி. 499இல் எழுதிய ஆரியபட்டர், சூரியனைச் சந்திரன் மறைக்கிறது, சந்திரனைப் பூமியின் பெரிய நிழல் மறைக்கிறது என்று பேச்சை முடித்துவிட்டார். ஆறாம் நூற்றாண்டினரான வராகமிகிரர், ராகு விழுங்குகிறான் என்போரை ஏறக்குறைய ஒரு வழக்கறிஞரைப் போலவே மடக்குகிறார். சந்திர கிரகணம் சந்திரனின் கிழக்கு விளிம்பில் தொடங்குகிறது. சூரிய கிரகணமோ சூரியனின் மேற்கு விளிம்பில் தொடங்குகிறது. விழுங்குபவன் ஒருவனே என்றால் இந்த வேறுபாடு எப்படி வந்தது? சந்திரன் மேற்கிலிருந்து கிழக்கு நோக்கி நகர்ந்து நிழலுக்குள் நுழைவதால் அதன் கிழக்கு விளிம்பு முதலில் இருளும். அதே நகர்ச்சியால் சூரியனை அது மேற்குப் புறத்திலிருந்து மறைக்கத் தொடங்கும். வாதம் பழுதற்றது. ஆயினும் அவரே, கிரகண வேளையில் ராகுவுக்கு அவிர்ப்பாகம் பெறும் வரம் உண்டு என்று சமரசமும் செய்துகொள்கிறார்.

அடுத்து வருவது எனக்கு எப்போதும் வியப்பளிக்கும் செய்தி. கி.பி. 628இல் நூல் இயற்றிய பிரம்மகுப்தர் சிறந்த கணித மேதை. கிரகணத்தை நிழல் வழியாகவே கணக்கிடத் தெரிந்தவர். அவரோ, ராகு காரணமில்லை என்று சொல்வோரைப் பேதைகள் என்று சாடினார். ராகு இல்லையென்றால் கிரகண நீராடலும் தானமும் பற்றிய சாத்திர விதிகள் என்னாவது என்பது அவர் கவலை. ஏறத்தாழ 400 ஆண்டுகளுக்குப் பின், 1030 வாக்கில், இந்தியாவைப் பற்றி எழுதிய அல்பெரூனி இந்த இடத்தைப் பிடித்துக்கொண்டார். கணக்கை நிழலில் போட்டுவிட்டுக் காரணத்தை அசுரன் தலையில் ஏற்றுகிறாரே என்று கேட்டார். அதோடு நிற்கவில்லை, சாக்ரடீசுக்கு நேர்ந்த கதி தமக்கும் நேரலாம் என்ற அச்சமே அவரை மனச்சாட்சிக்கு விரோதமாகப் பேச வைத்திருக்கும் என்று இரக்கமும் காட்டினார். தெரிந்தவர் சொல்லாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு என் மாணவனின் அக்காள் சாட்சி.

இனி நம் காலத்து உரைகாரர்களுக்கு வருவோம். இவர்களில் ஒரு சாரார், "ராகு என்பது அசுரனே அன்று, சந்திரனின் பாதை சூரியப் பாதையை வெட்டும் புள்ளியைத்தான் முன்னோர் கதையாக மறைத்துச் சொன்னார்கள்" என்கிறார்கள். இதில் பாதி உண்மை இருப்பதால்தான் ஆபத்து. இரண்டு வளையல்களை ஒன்றுக்குள் ஒன்றாகச் சற்றே சாய்த்துச் செருகிப் பாருங்கள். அவை இரண்டு இடங்களில் வெட்டிக்கொள்ளும். சந்திரனின் பாதை சுமார் 5 டிகிரி சாய்ந்திருக்கிறது. அந்த வெட்டுப் புள்ளிகளுக்கு அருகே பௌர்ணமியோ அமாவாசையோ நேர்ந்தால் மட்டுமே கிரகணம். புள்ளிகள் இரண்டும் நிலையாக நில்லாமல் பின்னோக்கி நகர்ந்து 18.6 ஆண்டில் ஒரு சுற்றை முடிக்கின்றன. 18.6ஐ 12 ராசிகளால் வகுத்தால் ஒன்றரை ஆண்டும் சற்றே கூடுதலும் வரும். ராகு கேதுப் பெயர்ச்சி ஏன் ஒன்றரை ஆண்டுக்கு ஒரு முறை வருகிறது என்பது இப்போது விளங்கும். (நாள்தோறும் வரும் ராகு காலத்துக்கும் இந்தப் புள்ளிக்கும் எந்த உறவும் கிடையாது. அது கிழமையைப் பார்த்துப் பகலை எட்டாகப் பங்கிட்ட கணக்கு மட்டுமே.)

ஆனால் கால வரிசையைக் கவனியுங்கள். ரிக் வேதத்தின் ஐந்தாம் மண்டலத்தில் சூரியனை இருளால் தாக்கும் சுவர்பானு என்ற அசுரன் வருகிறான். அங்கே அமுதமும் இல்லை, வெட்டுண்ட தலையும் இல்லை. திருக்குறளில், அலர் பரவுவதைச் சொல்லும் 1146ஆம் குறளில், சந்திரனைப் பிடிப்பது வெறும் பாம்பு. அசுரன் முதலில் வந்தான், பாம்பும் வந்தது. வெட்டுப் புள்ளியைக் கணக்கிட்டவர்கள் வழக்கில் இருந்த பெயரை எடுத்து அதற்குச் சூட்டினார்கள். மின்சாரத்தைக் கம்பியில் பாயும் 'ஓட்டம்' என்கிறோம். அதற்காக ஆற்றைப் பாடிய புலவருக்கு மின்னியல் தெரியும் என்று சொல்வோமா?

மற்றொரு சாரார் நேர் எதிர். பாம்பு விழுங்குகிறது என்று நம்பிய மூடர்களுக்கு வானவியலைக் கற்றுத் தந்தவர்கள் ஐரோப்பியரே என்பது இவர்கள் கட்சி. இவர்களுக்கு எங்கள் ஊரிலேயே பதில் இருக்கிறது.

பிரெஞ்சு வானவியலார் லெ ழாந்தீல், 1761இல் வெள்ளிக் கோள் சூரியனைக் கடப்பதைப் பார்க்கப் புதுச்சேரிக்குப் புறப்பட்டார். அவர் வந்து சேருமுன் ஊர் ஆங்கிலேயர் கைக்குப் போய்விட்டதால் கடலில், ஆடும் கப்பலிலிருந்து பார்க்க நேர்ந்தது. அடுத்த கடப்புக்காக எட்டு ஆண்டு காத்திருந்து, 1768இல் புதுச்சேரிக்கு வந்து, இடிந்த கோட்டையின் மேல் வானாய்வுக்கூடம் அமைத்தார். 1769 ஜூன் 4ஆம் தேதி காலை மேகம் மூடிக்கொண்டது! பாவம் அவர். ஆயினும் காத்திருந்த காலத்தில் அவர் ஓர் அரிய காரியம் செய்தார். தமிழர் கிரகணம் கணிக்கும் முறையைக் கற்றுக்கொண்டார். 1765 ஆகஸ்ட் 30ஆம் தேதி நிகழ்ந்த சந்திர கிரகணத்தைத் தமிழ்க் கணக்கர் கணித்துக் காட்டியபோது, கிரகணம் நீடித்த நேரத்தில் 41 வினாடிதான் குறைந்தது. அக்காலத்து ஐரோப்பாவின் புகழ்பெற்ற மேயர் அட்டவணைப்படி அதே நேரம் 68 வினாடி கூடியிருந்தது.

இந்த 41 வினாடியை நம் மேடைப் பேச்சாளர்கள் அடிக்கடி முழங்குகிறார்கள். அவர்கள் சொல்லாமல் விடும் இன்னொரு கணக்கும் புதுச்சேரியில்தான் நடந்தது. சென்னை வானாய்வுக்கூடத்தில் பணியாற்றியிருந்த ஜான் வாரன், 1825இல் வெளியிட்ட 'கால சங்கலித' என்ற நூலில் அதைப் பதிந்திருக்கிறார். புதுச்சேரியில் வசித்த ஒரு பஞ்சாங்கக் கணிதர், தரையில் சோழிகளைப் பரப்பி, எண்களுக்குப் பதிலாக மனப்பாடம் செய்த சொற்களைக் கொண்டு, ஏட்டையோ எழுதுகோலையோ தொடாமல் 1825 மே 31 இரவின் சந்திர கிரகணத்தைக் கணித்தார். தொடக்கத்தில் 4 நிமிடமும், நடுவில் 23 நிமிடமும், முடிவில் 52 நிமிடமும் பிழை. தொடக்கப் பிழையும் முடிவுப் பிழையும் எதிரெதிர்ப் பக்கம் விழுந்ததால் நீடித்த நேரத்தில் ஏறத்தாழ 56 நிமிடம் தவறிவிட்டது.

ஆய்வுக்கூடத்தில் பத்து முறை அளந்து, விடை நன்றாக வந்த ஓர் அளவை மட்டும் பதிவேட்டில் எழுதும் மாணவனை நான் வெளியே அனுப்புவேன். 41 வினாடியை மட்டும் சொல்பவரும் அதைத்தான் செய்கிறார்.

ஆனால் 56 நிமிடத்தைக் கண்டு ஏளனம் செய்பவரும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சோழிகளை மட்டும் வைத்துக்கொண்டு, எந்த நாள், எந்த இரவு என்று தவறாமல் சொல்வது எளிய காரியமா? அக்கணிதர் நம்பியது 248 நாட்களுக்கான சந்திர வாக்கியங்களை. சந்திரன் பூமிக்கு மிக அருகே வந்து மீண்டும் அருகே வர 27.55 நாள் ஆகிறது. அதை ஒன்பதால் பெருக்கினால் கிட்டத்தட்ட 248. இந்த எண் பாபிலோனியர் கணக்கிலும் இருந்தது. அவருக்கு வானவியல் கோட்பாடு ஒரு சொல்லும் தெரியாது, அபார நினைவாற்றல் மட்டும் உண்டு என்று வாரன் எழுதுகிறார். அவருடைய கணக்கிலும் ராகு உண்டு. ஆனால் அந்த ராகு சோழிகளால் வைக்கப்படும் ஓர் எண். அதற்கு வாயும் இல்லை, பசியும் இல்லை. வீட்டுக்குப் போய் அவர் கிரகணக் குளியல் போட்டிருக்கக் கூடும். கணக்குப் போடும்போது அசுரனை அழைக்கவில்லை.

மூன்றாவது ஒரு வகை உரை இப்போது பரவிவருகிறது. கிரகண வேளையில் கெட்ட கதிர்கள் வருகின்றனவாம். கர்ப்பிணிகள் உண்ணாமலும் வெளிவராமலும் இருப்பதற்கு அதுவே 'விஞ்ஞானக் காரணமாம்'. அசுரனைவிட இது மோசம். அசுரன் தன்னை விஞ்ஞானம் என்று சொல்லிக்கொண்டதில்லை. சந்திர கிரகணத்தில் நடப்பது, சந்திரன் பூமியின் நிழலுக்குள் போவது. பூமியின் நிழல் தீங்கு செய்யுமென்றால், ஒவ்வோர் இரவும் சூரியன் மறைந்தது முதல் உதிப்பது வரை நாம் எல்லோரும், கர்ப்பிணிகள் உட்பட, அந்த நிழலுக்குள்ளேதான் உறங்குகிறோம்! சூரிய கிரகணத்தில் உண்மையான ஆபத்து ஒன்றே: சூரியனை வெறும் கண்ணால் பார்ப்பது. விழித்திரை வலியே காட்டாமல் கருகிவிடும். ஆனால் அது கிரகணமில்லாத நாளிலும் உள்ள ஆபத்துதான். பட்டினி அதைத் தடுக்காது.

கடைசியாக, உலக்கை. கிரகண நேரத்தில் தாம்பாளத் தண்ணீரில் உலக்கை தானாக நிற்கும், விட்டதும் விழுந்துவிடும் என்பது நம் பக்கத்து நம்பிக்கை. பூண் கட்டிய அடிப்பாகம் தட்டையாக இருந்து, அதன் குறுக்களவு 5 சென்டிமீட்டரும், ஈர்ப்பு மையம் தரையிலிருந்து 70 சென்டிமீட்டர் உயரத்திலும் இருந்தால், உலக்கை 2 டிகிரி வரை சாயலாம். ஈர்ப்பு மையத்திலிருந்து இறங்கும் செங்குத்துக் கோடு அதுவரை அடிப்பாகத்துக்குள்ளேயே விழும். கைநடுக்கம் இல்லாமல் நிறுத்தத் தெரிந்தால் எந்த நாளும் நிற்கும். அந்த வாரம், கிரகணமும் இல்லாத, அமாவாசையும் இல்லாத ஒரு வெள்ளிக்கிழமை, ராகு காலம் முடிந்த பிறகு, ஆய்வுக்கூடத்தில் மாணவர்களோடு செய்து பார்த்தோம். நான்கு முறை விழுந்தது. ஐந்தாம் முறை நின்றது. மதிய உணவுக்குப் போய்விட்டு வந்தபோதும் நின்றுகொண்டிருந்தது.

பின்வரிசை மாணவன் உலக்கையை இரவல் வாங்கிப் போய்த் தன் வீட்டுக் கூடத்தில் நிறுத்திக் காட்டியிருக்கிறான். அக்காள் கைதட்டினாளாம். ஆயா மட்டும் நெடுநேரம் பார்த்துவிட்டு, "இன்னைக்கு நிக்கிறது இருக்கட்டும்டா, கிரகணம் விட்டப்புறமும் நிக்குதா பார்த்துட்டு வந்து சொல்லு" என்றாராம். கேள்வி நியாயமானது. 2031 மே 21ஆம் தேதி தென் தமிழ்நாட்டில் வளைய சூரிய கிரகணம் தெரியும். உலக்கையோடு மதுரைக்குப் போவதாக அவன் இப்போதே சொல்லிக்கொண்டிருக்கிறான்.