இடப்பெயர்த் தொகுதிகளில் நீர்நிலைச் சொற்கள்: வகைப்பாட்டுச் சிக்கல்

1. முன்னுரை

புவியியல் தகவலிலிருந்து பொருளைப் பிரித்தெடுக்கும் பணிக்கு இடப்பெயர்த் தொகுதியே அடிப்படையாக அமைகிறது. மின்னணுத் தொகுதிகளுக்குரிய அடிப்படைக் கூறுகளாகப் பெயர், வகை, இருப்பிடம் ஆகிய மூன்றினை லிண்டா ஹில் 2000-ஆம் ஆண்டில் வரையறுத்தார். இம்முன்மாதிரி எளிமையானது, பரவலாகப் பயன்படுவது. பெயரை ஊராரிடம் கேட்டறியலாம், இருப்பிடத்தை அளந்தறியலாம். வகையோ மொழி வகுத்துத் தருவது. ஒரு மொழியின் நிலச்சொற்களை மற்றொரு மொழியின் வகைப்பட்டியலில் அடக்குவது மொழிபெயர்ப்புச் செயலே ஆகும். எனினும் அது மொழிபெயர்ப்பாகக் கருதப்படாமல் தரவுப்பதிவாகவே நிகழ்ந்துவருகிறது. இதனால் நேரும் பொருளிழப்பைத் தமிழ் நீர்நிலைச் சொற்கள் தெளிவாகக் காட்டுகின்றன.

2. ஏரியும் நீர்ப்பரப்பும்

ஜியோநேம்ஸ் என்னும் உலகத் தொகுதியில் 9 பெருவகைகளும் 600-க்கு மேற்பட்ட உள்வகைகளும் உள்ளன. இயற்கை ஏரி, நீர்த்தேக்கம், குட்டை ஆகியவற்றுக்குத் தனித்தனிக் குறியீடுகள் உண்டு. ஆயினும் தமிழ்நாட்டின் ஏரி இவற்றுள் எதிலும் முழுமையாக அடங்குவதில்லை. ஆங்கிலத்தின் 'லேக்' முதன்மையாகத் தேங்கிய நீர்ப்பரப்பைக் குறிக்கும். தமிழில் ஏரி என்பது கரை, மதகு, கலங்கல், நீர்பிடிப்பு, ஆயக்கட்டு ஆகியவை சேர்ந்த பாசன அமைப்பு. கோடையில் முற்றும் வறண்டு கிடந்தாலும் அது ஏரியே. செயற்கைக்கோள் படத்தின் நீர்ப்பரப்பை மட்டும் கொண்டு வகை காணும் நிரல், ஒரே ஏரியைக் கார்த்திகையில் நீர்நிலையாகவும் வைகாசியில் வெற்று நிலமாகவும் பதியக்கூடும்.

இது தமிழுக்கு மட்டும் உரிய சிக்கலன்று. மேற்கு ஆஸ்திரேலியாவின் யிண்டிபார்ண்டி மொழியை ஆராய்ந்த டேவிட் மார்க்கும் ஆண்ட்ரூ டர்க்கும், அம்மொழியில் நீரோடும் தடத்துக்கு ஒரு சொல்லும் அதில் ஓடும் நீருக்கு வேறு சொற்களும் வழங்குவதை எடுத்துக்காட்டினர். 'ஆறு' என்னும் ஒற்றை வகை அங்கே பொருந்துவதில்லை.

3. வட்டார வேறுபாடு

ஒரே மொழிக்குள்ளும் சொல்லுக்கும் வகைக்கும் நிலையான உறவு இல்லை. மயிலாப்பூரில் குளம் என்பது கோயிற்குளம். திருநெல்வேலியிலும் கோயம்புத்தூரிலும் அச்சொல் பாசன நீர்நிலையைக் குறிக்கும். மதுரை, சிவகங்கை, இராமநாதபுரம் பகுதிகளில் பாசன நீர்நிலை கண்மாய் எனப்படும். ஊருணி ஊராரின் குடிநீருக்கு உரியது. ஆங்கிலத்தில் இவை யாவும் 'டேங்க்' என்றே எழுதப்படுகின்றன. அச்சொல் மீண்டும் தமிழுக்கு வரும்போது 'தொட்டி' எனப் பெயர்க்கப்படும் இடரும் உண்டு.

4. பெயரிலிருந்து பொருள் காணல்

இடப்பெயரின் பொதுக்கூற்றைக் கொண்டு வகையை உய்த்துணர்வது பயனுள்ள முறையே. ஆனால் எழுத்து ஒப்புமை மட்டும் போதாது. பொன்னேரியின் இறுதியில் இருப்பது ஏரி. வேளச்சேரியின் இறுதியில் இருப்பது குடியிருப்பைச் சுட்டும் சேரி. இறுதி ஒலிகளை மட்டும் நோக்கும் நிரல் இரண்டையும் ஏரி எனக் கொள்ளும். ஆகவே உருபனியல் பகுப்பு இன்றியமையாதது.

பகுப்பு சரியாக அமைந்தாலும் காலம் பற்றிய வினா எஞ்சும். சென்னையில் மாம்பலத்தை ஒட்டியிருந்த பெரிய ஏரியின் ஒரு பகுதி 1920-களில் தூர்க்கப்பட்டுத் தியாகராய நகர் உருவாயிற்று. மேற்கு மாம்பலத்தின் லேக் வியூ ரோடும் நுங்கம்பாக்கத்தின் டேங்க் பண்டு ரோடும் அந்த ஏரியை இன்றும் நினைவூட்டுகின்றன. பெயரை நம்பும் நிரல் அங்கே நீரைக் காணும். படத்தை நம்பும் நிரல் தெருவை மட்டும் காணும். முன்னது நிகழ்காலத்தையும் பின்னது வரலாற்றையும் தவறவிடுகிறது. காலக்கூற்றைச் சேர்க்க ஹில்லின் முன்மாதிரியில் தடையில்லை. நடைமுறையில்தான் அது விடுபடுகிறது.

5. முடிவுரை

வட்டார வகைச்சொல்லை அதன் மூல எழுத்திலேயே தனிப்புலமாகப் பதிதல், பயன்பாட்டையும் காலத்தையும் உடன் குறித்தல், பொது வகைக் குறியீட்டை அதன்பின் இணைத்தல் என்னும் வரிசை பொருத்தமானது. தமிழ்நாட்டு வருவாய்த்துறை ஆவணங்களில் ஏரி, குளம், ஊருணி, வாய்க்கால் முதலியன புறம்போக்கு வகைகளாக முன்னரே இடம்பெற்றுள்ளன. அவை இப்பணிக்குத் தக்க தொடக்கமாகும். மொழிபெயர்ப்பாளரும் கண்மாயைக் கண்மாய் என்றே எழுதி, முதல் வழக்கில் சுருங்க விளக்குதல் நன்று. வறண்ட ஏரி வரைபடத்தில் வெற்று நிலமாகிவிட்டால், அதனைக் காக்கவேண்டும் என்னும் வாதத்துக்கு அந்த வரைபடத்தில் சான்று இராது.