தொடுபலகையில் பிறக்கும் கமகம்

இசையரங்குகளில் இந்நாளில் ஒரு புதுமை நிலைபெற்றுவிட்டது. விரல் தொடும் இடம் ஒன்று. ஓசை பிறக்கும் இடம் மற்றொன்று. வீணையும் வயலினும் நாகசுரமும் மென்பொருளாகக் கணினிக்குள் உறைகின்றன. மேடையில் காண்பதோ கட்டைகள் பொருந்திய ஒரு பலகை. கன்ட்ரோலர் எனப்படும் அப்பலகை தன்னளவில் ஊமை. இன்ன கட்டை, இவ்வளவு விசையுடன் அழுத்தப்பட்டது என்னும் செய்தியைக் கணினிக்கு அனுப்புவதே அதன் பணி. அச்செய்திக்கென 1983இல் வகுக்கப்பட்ட பொதுமொழிக்கு மிடி என்று பெயர்.

இதனைப் போலி என ஒதுக்குவோர் ஒரு சாரார். எல்லாம் வல்ல கருவி எனப் போற்றுவோர் மற்றொரு சாரார். (எல்லாம் வல்லவன் இறைவன் ஒருவனே, அச்சொல்லைக் கருவிக்குச் சூட்டாதிருத்தல் நலம்.) வாசிப்பவனின் விரலசைவில் எவ்வளவு பங்கு ஓசையாகிச் செவியை எட்டுகிறது என்பதே நம் வினா. இசை ஆகுமா ஆகாதா என்னும் மார்க்க விவாதத்தை ஈண்டு நாம் எடுக்கவில்லை. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களின் இஹ்யாவில் அதற்கெனத் தனி நூற்பகுதியே உண்டு.

இவ்வினா நமக்குப் புதிதன்று. அகில இந்திய வானொலி 1940 முதல் 1971 வரை ஆர்மோனியத்தை விலக்கி வைத்திருந்தது. கட்டைக்குக் கட்டை தாவும் கருவியில், சுரங்களுக்கிடையே வளைந்து செல்லும் கமகம் எழாது என்பது அவ்விலக்கிற்குச் சொல்லப்பட்ட காரணங்களுள் தலையாயது. பழைய மிடியின் குறையும் அதுவே. அழுத்தத்தின் விசையை அது 127 படிகளுள் அடக்கிவிடும். சுருதியை வளைக்க ஒரு சக்கரம் உண்டு. ஆயினும் அதனைத் திருப்பினால், அவ்வழியில் ஒலிக்கும் அத்தனை சுரங்களும் சேர்ந்தே வளையும். ஜபர், ஜேர், பேஷ் இடப்படாத அறபெழுத்தை ஒத்தது அது. எழுத்து இருக்கிறது, உயிரோசையைப் படிப்பவனே ஊகித்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு சுரத்திற்கும் தனிவழி தரும் எம்பிஇ என்னும் விரிவு 2018இல்தான் முறைப்படி ஏற்கப்பட்டது.

அதற்கு முன்னரே நம் சென்னையைச் சேர்ந்த இசைவாணர் ஏ.ஆர். ரஹ்மான் வேறொரு வழியைக் கண்டார். 2009இல் வெளிவந்த 'டெல்லி-6' படத்தின் 'ரெஹ்னா தூ' பாடலில் அவர் கையாண்டது கன்டினுவம் ஃபிங்கர்போர்ட் என்னும் கருவி. அமெரிக்கரான லிப்போல்ட் ஹேக்கன் ஆக்கியது அது. அதில் கட்டைகள் இல்லை. செந்நிற மென்பரப்பு ஒன்றே உண்டு. விரல் இடவலமாக நகர்ந்தால் சுருதி மாறும். முன்பின்னாக நகர்ந்தால் ஒலியின் தன்மை மாறும். அழுத்தினால் ஓசை பெருகும். பாட்டு ஓய்ந்தபின் அக்கருவி தனித்து நீளும் பகுதியைக் கேளுங்கள். சுரம் சுரமாகத் தாவாது இழைந்து செல்கிறது. இன்ன பழங்கருவி என்று பெயரிட இயலாத குரல் அது. இரவல் குரலன்று என்பதே அதன் பெருமை.

இக்கருவியில் சுருதியைத் தானே நேர்செய்துகொள்ளும் வசதியும் உண்டு. அதனை முடுக்கிவிட்டால் வாசிப்பவன் தப்பலாம். ஆனால் கமகம் தப்பாது தேயும். அணைத்துவிட்டாலோ, வயலின் வாசிப்பவன்போல் செவியொன்றையே நம்பி விரலை வைத்தாக வேண்டும். இந்த ஆபத்தில்தான் கலை பிறக்கிறது என்போம். பாக்தாதின் ஸல்ஸல் என்னும் ஊதுக் கலைஞர், நடுவிரலுக்கென வழக்கமான இரு சுரத்தானங்களுக்கும் இடைப்பட்ட ஓரிடத்தை வகுத்தார். அவர் பெயரால் வழங்கும் அவ்விடத்தை அல்ஃபாராபி தம் 'கிதாபுல் மூஸீகல் கபீர்' நூலில் பேசுகிறார். இன்றைய பியானோக் கட்டைகளில் அதற்கு இடமே இல்லை. வழுக்கிச் செல்லும் பரப்பிலோ இடமுண்டு. அறபு மகாமுக்கும் நம் இராகத்துக்கும் ஒருங்கே பயன்படக்கூடிய இக்கருவி, நாமறிந்தவரை, நம் மேடைகளில் விருந்தாளியாகவே வந்து போகிறது. குறை கருவியுடையதன்று. விலையும் பெரிது, பயிற்சியும் பெரிது.

கோவிலம்பாக்கம், மேடவாக்கம் பக்கத்துத் திருமண மண்டபங்களில் நாம் கேட்பது வேறு. ஒருவரே கீபோர்டின் முன் அமர்ந்து வீணையும் குழலும் நாகசுரமும் 'வாசிக்கிறார்'. சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதை யாழாசிரியனுக்கும் குழலாசிரியனுக்கும் தண்ணுமை ஆசிரியனுக்கும் தனித்தனியே இலக்கணம் வகுக்கிறது. மூவரின் ஒலியையும் ஒருவர் கைக்கொள்ளலாம். மூவரின் பயிற்சி எங்கே? வீணையில் கமகம் தந்தியை இழுப்பதால் வருவது. மென்பொருளிலுள்ள வீணைக்கு அவ்விழுப்பைச் சொல்லக் கட்டைக்குத் தெரியாது. ஆகவே எவரோ என்றோ வாசித்துப் பதிந்த கமகம், விசை தட்டியதும் ஒரே அளவில் வந்து விழுகிறது. முதன்முறை இனிக்கும், பத்தாம் முறை சலிக்கும்.

நாகசுரத்தின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. சீவாளியைப் பற்றிய உதடும் மூச்சும் சேர்ந்தே அதன் சுரத்தை வளைக்கின்றன. அம்மூச்சைக் கணினிக்குச் சொல்லும் வழி இல்லாமலில்லை. 1983இல் வந்த யமஹா டிஎக்ஸ்7 கருவியிலேயே, வாயில் பற்றி ஊதி ஓசையை ஆளும் வசதி இருந்தது. நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகியும், இம்மண்டபங்களில் நாகசுர ஒலியை ஊதி எழுப்பும் கீபோர்டுக்காரர் ஒருவரையேனும் நாம் கண்டோமில்லை. அங்கே நாகசுரம் மூச்சு விடாமலே ஒலிக்கிறது. உண்மையான நாகசுரக்காரரை அழைத்தோமா என்று கேட்பாரும் இல்லை.