சாயம் பூசிய சனிக்கிழமை

சிரம்பானில் ரஹாங்கைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனால் வரும் ஒரு தோட்டத் தமிழ்ப்பள்ளி, பெயர் வேண்டாம். சனிக்கிழமை காலை இரண்டு வேன்கள் வந்து திடலில் நின்றன. ஒரே நிறச் சட்டையில் முப்பது பேர் இறங்கினார்கள். சாய டின்களுக்கு முன்னால் பதாகை இறங்கியது. அதைப் பிடித்துக்கொண்டு படம் எடுத்த பிறகுதான் தூரிகைகளைத் தேடினார்கள். அந்தச் சுவருக்கு முந்தைய ஆண்டுதான் இன்னொரு நிறுவனம் நீலம் அடித்திருந்தது. இப்போது மஞ்சள். மூன்றாம் ஆண்டு வகுப்பில் கூரை ஒழுகும் இடத்துக்கு நேர்கீழே ஒரு வாளி. படத்தில் விழக்கூடாதென்று யாரோ அதை ஓரமாகத் தள்ளி வைத்தார்கள்.

இதை மட்டும் வைத்து ஊழியர் தொண்டுத் திட்டங்களைக் கேலி செய்துவிட்டுப் போகலாம். ஆனால் அன்றைக்கே இன்னொன்றும் நடந்தது. வந்தவர்களில் செனாவாங் தொழிற்சாலையில் இயந்திரம் பார்க்கும் இளைஞர் ஒருவர் இருந்தார், தோட்டத்தில் பிறந்தவர். கழிவறையில் தண்ணீர் வரவில்லை என்று பிள்ளைகள் சொன்னதும் பம்பைத் திறந்தார். அவருடைய மேலாளர் பக்கத்தில் குந்தி, டார்ச் லைட்டைப் பிடித்துக்கொண்டு, கேட்ட ஸ்பேனரை எடுத்துக் கொடுத்தார். அடுத்த வாரம் பதாகை இல்லாமல் இருவர் மட்டும் வந்து உதிரிப் பாகத்தை மாற்றிவிட்டுப் போனார்கள். நிறுவனப் பண்பாடு என்று கூட்டங்களில் பேசுகிறார்களே, அதை நான் கண்ணால் பார்த்தது அந்த ஒரு மணி நேரத்தில்தான். துரை, கிராணி, தண்டல், தொழிலாளி என்ற தோட்டத்துப் படிக்கட்டு வேறு பெயர்களில் தொழிற்சாலைக்கும் வந்துவிட்டது. அதில் மேல்படிக்காரர் கீழே இறங்கிக் கைவேலை கற்றுக்கொள்ளும் நாள் அபூர்வம்.

தொண்டு செய்பவருக்கும் நன்மை உண்டு என்பதற்கு ஆய்வும் ஓரளவு துணை நிற்கிறது. பிரிட்டனில் 233 நிறுவனங்களின் 46,336 ஊழியர்கள் தந்த தகவல்களை ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் வில்லியம் ஃப்ளெமிங் ஆராய்ந்தார். 2024-இல் வெளியான அவரது கட்டுரைப்படி, மன அழுத்தப் பயிற்சி, மனநலச் செயலி போன்றவற்றைப் பயன்படுத்தியவர்கள் மற்றவர்களைவிட நலமாக இருந்ததாகத் தெரியவில்லை. தொண்டில் ஈடுபட்டவர்கள் மட்டும் சற்று மேலாக இருந்தார்கள். ஏற்கெனவே மனநிறைவோடு இருப்பவர்தாம் தொண்டுக்கு முன்வருகிறாரோ என்ற ஐயம் இதனால் தீர்ந்துவிடாது.

பிறகு ஏன் சாயமே முன்னுக்கு வருகிறது? மலேசியப் பங்குச் சந்தை 2006-இல் நிறுவனச் சமூகப் பொறுப்புக்கு ஒரு வழிகாட்டியை வெளியிட்டது. செய்ததை ஆண்டறிக்கையில் எழுத வேண்டும் என்றானதும், எண்ணிக் காட்டக்கூடிய வேலைகளுக்கு மவுசு வந்தது: எத்தனை பேர், எத்தனை மணி நேரம், எத்தனை பள்ளி. பழுது பார்த்த பம்ப் அந்தக் கணக்கில் வராது.

தோட்டத்துக்குள் சிக்கல் இன்னும் பெரிது. அங்கே முதலாளியே வீட்டுக்காரரும். லயத்துக் கால்வாயைச் சுத்தம் செய்ய ஞாயிற்றுக்கிழமை கோத்தோங் ரோயோங் (கூட்டுப் பணி) என்று அறிவித்து, வராதவர் பெயரைத் தண்டல் குறித்துக்கொண்டால் அதற்குப் பெயர் தொண்டா? வீடு, தண்ணீர், குழந்தைக் காப்பகம் எல்லாம் முதலாளியின் கடமை என்று 1990-இல் வந்த 446-ஆம் சட்டம் சொல்கிறது. அந்தக் கடமையைத் தொழிலாளியின் விடுமுறை நாளில் அவரைக் கொண்டே முடித்து, நிறுவனத்தின் புண்ணியக் கணக்கில் எழுதிக்கொள்வது என் பார்வையில் ஏமாற்று. இந்தியாவின் 2013 நிறுவனச் சட்டத்தின் கீழுள்ள விதிகள் இந்த விஷயத்தில் தெளிவாக இருக்கின்றன: சொந்த ஊழியருக்கு மட்டும் பயன்படுவது சமூகப் பொறுப்பில் சேராது.

தோட்டத் தமிழனுக்குத் தொண்டு புதிதும் அல்ல. இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு கெடாவின் ஹார்வர்ட் தோட்டத்தில் ஏ.எம். சாமி தலைமையில் தொண்டர் படை எழுந்தது. நாள் முழுக்க உழைத்த இளைஞர்கள் கள்ளுக்கடைகளை மறித்தார்கள். யாரும் சட்டை தைத்துக் கொடுக்கவில்லை, மணி நேரம் எண்ணவில்லை. நிர்வாகங்கள் அதைக் கலகமாகவே பார்த்தன. 1947-இல் பீடோங் வட்டாரத்தில் போலீஸ் வந்தது, கைதுகள் நடந்தன. எது தொண்டு என்பதைத் தொழிலாளியே தீர்மானித்தபோது கிடைத்த வரவேற்பு அது. இன்றைய திட்டங்களிலும் வேலையைத் தேர்ந்தெடுப்பவர் பெரும்பாலும் அலுவலகத்தில்தான் இருக்கிறார். நீலச் சுவர் மஞ்சளானது அப்படித்தான்.

சரி, கூரை ஏன் ஒழுகுகிறது? நாட்டின் ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகளில் பெரும்பாலானவை அரசின் பகுதி உதவி மட்டும் பெறுபவை. தோட்டப் பள்ளிகள் பல தனியார் நிலத்தில் நிற்பதே இதற்கு முக்கியக் காரணம். ஆசிரியர் சம்பளம் அரசிடமிருந்து வந்துவிடும். கட்டடம் என்றால் பள்ளி வாரியமும் பெற்றோர் ஆசிரியர் சங்கமும் அலைய வேண்டும். முப்பது பேர் முப்பது சனிக்கிழமை வந்தாலும் ஒரு நிலப் பட்டாவுக்கு ஈடாகாது.

அடுத்து வரவிருக்கும் நிறுவனத்தாருக்கு ஒரு வேண்டுகோள். பதாகைக்கு ஆர்டர் கொடுக்கும் முன் பள்ளிக்கு ஒரு போன் போடுங்கள். மின்பணியாளர், கணக்கர், மானிய விண்ணப்பம் எழுதத் தெரிந்தவர், நிலச் சட்டம் அறிந்த வழக்கறிஞர் என்று உங்களிடம் ஆள் இருக்கும். அவர்களில் ஒருவரை மாதம் ஒரு நாள், ஓராண்டுக்கு அனுப்புங்கள், சம்பளத்தோடு. சுவருக்கு இப்போதைக்குச் சாயம் வேண்டாம்.