உறவுச்சொல்லும் உறவு முறிவும்: இரு குற்றத்தொடர்கள் குறித்த மொழிபெயர்ப்பு நோக்கு

1. முன்னுரை

குற்றத்தை மையமாகக் கொண்ட தொலைக்காட்சித் தொடர்களைத் துப்பறியும் கதைகளின் நீட்சியாகக் காண்பது பொதுவழக்கு. குற்றவாளி யார், அவன் எவ்வாறு அகப்படுகிறான் என்னும் இரு வினாக்களே இத்தொடர்களை நடத்திச் செல்வன எனக் கருதப்படுகிறது. அண்மைக்காலத்தில் ஆங்கிலத்தில் வெளிவந்த சிறந்த தொடர்கள் சிலவற்றிற்கு இக்கருத்து முழுமையாகப் பொருந்தவில்லை. அவற்றில் தேடுபவனும் தேடப்படுபவனும் ஒரே வீட்டு விருந்தில் அருகருகே அமர்கின்றனர். கொலையுண்ட சிறுவனின் தாயும் கொலையாளியின் மனைவியும் நெடுநாளைய தோழியராக இருக்கின்றனர். குற்றம் வெளிப்படும்போது முதலில் உடைவது உறவு. சட்டம் அதன் பின்னரே வருகிறது.

இவ்வுடைவு மொழியில் எங்குப் பதிவாகிறது என்பது மொழியியலாரும் மொழிபெயர்ப்பாளரும் ஒருங்கே கருதத்தக்க வினாவாகும். உறவுமுறைப் பெயர், விளி, மூவிடப்பெயர் ஆகிய மூன்றும் உறவைச் சுட்டும் முதன்மையான மொழிக்கூறுகள். இம்மூன்றிலும் ஆங்கிலம் பலவற்றைக் கூறாது விடுகிறது. தமிழ் அவற்றைக் கூறியே ஆகவேண்டிய கட்டாயத்தில் இருக்கிறது. எனவே இத்தொடர்களைத் தமிழாக்குபவர் உறவு எந்தக் கணத்தில் முறிந்தது என்பதைத் தாமே முடிவுசெய்ய நேர்கிறது. அமெரிக்கத் தொடரான 'பிரேக்கிங் பேட்' (2008-2013), பிரித்தானியத் தொடரான 'பிராட்சர்ச்' முதற் பருவம் (2013) ஆகிய இரண்டையும் சான்றுகளாகக் கொண்டு இக்கட்டுரை இச்சிக்கலை ஆராய்கிறது.

2. சகலையும் மைத்துனனும்

வின்ஸ் கில்லிகன் உருவாக்கிய 'பிரேக்கிங் பேட்' 5 பருவங்களும் 62 பகுதிகளும் கொண்டது. நியூ மெக்சிகோ மாநிலத்து ஆல்புகர்க்கி நகரில் வேதியியல் கற்பிக்கும் வால்ட்டர் வைட், தமக்கு நுரையீரல் புற்றுநோய் இருப்பதை அறிந்தபின் தம் பழைய மாணவன் ஜெஸ்ஸி பிங்க்மனுடன் சேர்ந்து மெத்தாம்பெட்டமைன் என்னும் போதைப்பொருளைத் தயாரிக்கத் தொடங்குகிறார். அவருடைய மனைவி ஸ்கைலரின் உடன்பிறந்தாள் மரீ. மரீயின் கணவர் ஹாங்க் ஷ்ரேடர் போதைப்பொருள் தடுப்புத் துறை அதிகாரி. தாம் தேடும் குற்றவாளி வால்ட்டரே என்பதை ஹாங்க் அறியாதிருப்பதும் பின்னர் அறிவதும் தொடரின் முதுகெலும்பாக அமைகின்றன.

ஹாங்க், வால்ட்டர் ஆகியோரின் உறவை ஆங்கிலம் 'பிரதர்-இன்-லா' என்கிறது. மனைவியின் உடன்பிறந்தான், உடன்பிறந்தாளின் கணவன், மனைவியின் உடன்பிறந்தாளுடைய கணவன் ஆகிய அனைவரையும் இச்சொல் குறிக்கும். இதற்கு ஈடாக உடனே நினைவுக்கு வரும் தமிழ்ச்சொல் மைத்துனன் என்பதாகும். இங்கு அது பொருந்தாது. உடன்பிறந்த மகளிரை மணந்த இருவர் தமிழில் சகலைகள் ஆவர்.

இவ்வேறுபாட்டைச் சொற்றேர்வு பற்றிய சிறு திருத்தமாக மட்டும் கொள்ளலாகாது. லூயிஸ் ஹென்றி மார்கன் 1871இல் உலக உறவுமுறைகளை ஒப்பிட்டபோதே தமிழ் உறவுமுறையின் வகைப்பாட்டுத் தன்மை ஆராய்ச்சியாளரின் கருத்தை ஈர்த்தது. தாமஸ் டிரவுட்மன் 1981இல் வெளியிட்ட திராவிட உறவுமுறை பற்றிய நூல் அதன் அமைப்பை விரிவாக விளக்கியது. அவ்வமைப்பில் மைத்துனன் கொள்வினை கொடுப்பினைக்குரிய எதிர்ப்பக்கத்தவன். சகலையோ தன் பக்கத்தவனாக, உடன்பிறந்தான் நிலையில் வைத்து எண்ணப்படுபவன். மூத்தவளின் கணவனை இளையவளின் கணவன் அண்ணன் என அழைக்கும் வழக்கம் இதனைக் காட்டும். தாயின் உடன்பிறந்தாளுடைய கணவன் பிள்ளைகளுக்குப் பெரியப்பாவோ சித்தப்பாவோ ஆகிறான், மாமன் ஆவதில்லை.

இவ்வகைப்பாட்டை மனத்திற்கொண்டு தொடரின் இறுதிப் பகுதிகளைக் காணும்போது மூலத்தில் மறைந்துகிடக்கும் ஒன்று வெளிப்படுகிறது. வால்ட்டரின் மகன், ஹாங்கின் சாவிற்குத் தந்தையே காரணம் என்று நம்பித் தொலைபேசியில் அவரைக் கடிந்து பேசுகிறான். அவர் அனுப்ப முனையும் பணத்தையும் மறுக்கிறான். ஆங்கிலத்தில் அவன் இழந்தது 'அங்கிள்' ஒருவரை. தமிழில் 'சித்தப்பா' எனப் பெயர்க்கப்படுமானால் அப்பா என்னும் சொல் அதனுள்ளேயே நிற்கும். ஒரு தந்தை மற்றொரு தந்தையின் சாவுக்குக் காரணமானார் என்பது விளக்கமின்றியே விளங்கும். அவ்வாறே, உண்மை வெளிப்பட்டதும் மரீ தன் உடன்பிறந்தாளை அறைந்து, அவளுடைய கைக்குழந்தையைத் தூக்கிச்செல்ல முயலும் காட்சியையும் கருதலாம். 'ஆன்ட்' என்னும் சொல் தாராத அழுத்தத்தைச் 'சின்னம்மா' தருகிறது. குழந்தையின் மீது தனக்கும் தாய்மை உரிமை உண்டு என மரீ கொள்வதற்கான அடிப்படை அவ்வுறவுப் பெயரிலேயே இருக்கிறது.

இங்கு மொழிபெயர்ப்பாளர் எதிர்கொள்ளும் தடையும் உண்டு. சித்தப்பாவா பெரியப்பாவா என்பது உடன்பிறந்த மகளிருள் மூத்தவர் யார் என்பதைப் பொறுத்தது. ஆங்கிலத்தில் 'சிஸ்டர்' என்னும் சொல் அதனைக் கூறாது. கதைப்போக்கில் ஸ்கைலர் பொறுப்பேற்கும் விதத்தையும் மரீ அவரைச் சார்ந்து நிற்கும் விதத்தையும் நோக்கி ஸ்கைலரை மூத்தவராகக் கொள்வது பொருத்தமாகும். ஒருமுறை முடிவுசெய்தால் 62 பகுதிகளிலும் அதனைப் பிறழாது காத்தல் வேண்டும்.

2013 செப்டம்பர் 15இல் ஒளிபரப்பான பகுதியில் ஹாங்க் கொல்லப்படும் காட்சி இத்தொடரின் உச்சம். கொலைகாரர் கூட்டத்தின் முன் வால்ட்டர் ஹாங்கின் உயிருக்காக மன்றாடுகிறார். ஹாங்க் தம் குடும்பத்தவர் என்கிறார். தம் பணம் முழுவதையும் தரவும் முன்வருகிறார். ஹாங்க் அந்த உறவை ஏற்றுப் பேசவில்லை. தம் பதவிப் பெயரையும் குடிப்பெயரையும் மட்டும் கூறித் தம்மை அறிவித்துக்கொள்கிறார். ஒருவர் உறவுச்சொல்லைப் பற்றுகிறார். மற்றவர் பதவிச்சொல்லைப் பற்றுகிறார். இரு சொற்களுக்கும் இடையிலான தொலைவே அக்காட்சியின் பொருள் எனலாம். 'அவர் என் குடும்பம்' எனச் சொல்லுக்குச் சொல் பெயர்ப்பது தமிழ் மரபன்று. 'எங்க வீட்டு ஆள்' என்பதோ 'என் சகலை' என்பதோ இயல்பாக அமையும். ஹாங்கின் பதவிப் பெயரை 'அதிகாரி' எனச் சுருக்குவதும் பிழையாகும். உயிர் போகும் நேரத்தில் அவர் கைக்கொள்ளும் ஒரே கவசம் அந்த முழுப்பெயர். அதன் நீளம் குறையுமானால் அவருடைய மறுப்பின் உறுதியும் குறையும்.

3. மாறாத விளி

ஆர். பிரவுன், ஏ. கில்மன் ஆகியோர் 1960இல் முன்னிலைப் பெயர்களை அதிகாரம், நெருக்கம் என்னும் இரு அச்சுகளில் வைத்து விளக்கினர். அமெரிக்க ஆங்கில விளிகளைப் பற்றிப் பிரவுன், எம். ஃபோர்டு ஆகியோர் 1961இல் எழுதிய கட்டுரை, சமமற்ற விளி காலப்போக்கில் இருபுறமும் முதற்பெயராக மாறும் போக்கினையும், அம்மாற்றத்தைத் தொடங்கும் உரிமை பொதுவாக உயர்ந்தவரிடம் இருப்பதையும் எடுத்துக்காட்டியது.

ஜெஸ்ஸியின் விளி இப்போக்கிற்கு மாறாக நிற்கிறது. வால்ட்டர் அவனை ஜெஸ்ஸி என்றே அழைக்கிறார். அவன் அவரை 'மிஸ்டர் வைட்' என்கிறான். இருவரும் கூட்டாளிகளாகிறார்கள், ஒருவருக்காக மற்றவர் கொலை செய்கிறார்கள், கைகலக்கிறார்கள், பகைவராகின்றனர். வகுப்பறை விளியோ மாறுவதில்லை. அந்த நட்பில் சமத்துவம் என்றுமே இருந்ததில்லை என்பதற்கு அவ்விளியே சான்று. ஹாங்கிடம் எல்லாவற்றையும் கூறிய பின்னரும் ஜெஸ்ஸி வால்ட்டரை மரியாதை அடையுடன் குறிப்பிட்டுக்கொண்டே அவரைச் சாத்தான் என்கிறான்.

தமிழாக்கத்தில் 'மிஸ்டர் வைட்' என அப்படியே எழுதுவது பயன்தாராது. தமிழில் 'மிஸ்டர்' அறிமுகமற்றவரையோ, சற்றே ஏளனத்துடன் ஒருவரையோ அழைக்கும் சொல்லாகிவிட்டது. பள்ளியை நினைவூட்டும் விளி 'சார்' என்பதே. அச்சொல் அலுவலகத்திலும் பேருந்திலும் காவல் நிலையத்திலும் ஒருங்கே வழங்குவதால் அதன் தனித்தன்மை தேய்ந்துள்ளது என்பது உண்மை. ஜெஸ்ஸி ஹாங்கையும் 'சார்' என்றால் இவ்விளியின் பயன் முற்றும் அழியும். ஆகவே அச்சொல்லை வால்ட்டருக்கு மட்டும் உரியதாக்கி, ஹாங்கிடம் விளியின்றிப் பேசச் செய்தலே தக்கது.

பெரிய சிக்கல் படர்க்கையில் எழுகிறது. ஆங்கிலத்தின் 'ஹீ' மரியாதையையும் காட்டுவதில்லை, மரியாதையின்மையையும் காட்டுவதில்லை. தமிழில் அவர், அவன் என்னும் இரண்டனுள் ஒன்றைத் தேர்ந்தாக வேண்டும். சாத்தான் என்று கூறும் இடத்தில் 'அவன்' என மாற்றுவது எளிது. கேட்போர்க்கும் அது இயல்பாகத் தோன்றும். ஆயினும் அம்மாற்றம் ஜெஸ்ஸிக்கு அவன் அதுவரை பெறாத விடுதலையை வழங்கிவிடுகிறது. அஞ்சவும் வெறுக்கவும் செய்யும் ஒருவரை 'அவர்' என்றே கூறும்படி கட்டுண்டிருப்பதே அவனுடைய அவலம். அங்கு 'அவர்' என்பதை நிறுத்தும் மொழிபெயர்ப்பே மூலத்தின் ஆழத்தை எட்டும்.

4. பெயரும் அறிதலும்

கிரிஸ் சிப்னல் எழுதிய 'பிராட்சர்ச்' முதற் பருவம் 2013 மார்ச்சு 4 முதல் ஏப்பிரல் 22 வரை ஐடிவி அலைவரிசையில் 8 பகுதிகளாக ஒளிபரப்பானது. கடற்கரைச் சிற்றூர் ஒன்றில் 11 வயதுச் சிறுவன் டேனி லாடிமர் கொல்லப்படுகிறான். அவ்வூரிலேயே வாழும் காவல் அதிகாரி எல்லி மில்லர், சிறுவனின் தாய் பெத்தின் தோழி. எல்லியின் மகனும் டேனியும் நண்பர்கள். வெளியூரிலிருந்து வந்த அலெக் ஹார்டி அவருக்கு மேலதிகாரி. இறுதியில் எல்லியின் கணவர் ஜோ கொலையாளி எனத் தெரியவருகிறது.

ஹார்டி எல்லியைக் குடிப்பெயரால் 'மில்லர்' என்றே அழைக்கிறார். எல்லி என அழைக்குமாறு கேட்டும் அவர் இணங்குவதில்லை. கொலையாளி யார் என்பதை அவரிடம் கூறவேண்டிய நேரத்தில்தான் முதற்பெயர் வருகிறது. செய்திக்கு முன்னரே பெயர்மாற்றம் செய்தியின் கொடுமையை உணர்த்திவிடுகிறது. மேலும் மில்லர் என்பது கணவர் வழி வந்த குடும்பப் பெயரும் ஆதலின், அக்கணத்தில் அதனை உச்சரிக்க இயலாத நிலையும் அதனுள் அடங்கியிருப்பதாகக் கொள்ளலாம். இங்குத் தமிழ் மொழிபெயர்ப்பாளர் நெருக்கத்தைக் காட்ட எண்ணி 'நீங்கள்' என்பதை 'நீ' ஆக்குதல் கூடாது. மேலதிகாரியான ஆண் பணியாளரான பெண்ணை 'நீ' என்றால் நம் சூழலில் அது பரிவாக அன்றி அதிகாரமாகவே ஒலிக்கும். பெயர் மாறவேண்டும், மூவிடப்பெயர் மாறாதிருக்க வேண்டும்.

இத்தொடரின் உள்ளீடான வினா வேறு. கணவன் செய்த கொடுமையை அறியாதிருந்த மற்றொரு பெண்ணிடம் எல்லி, உடன்வாழ்ந்தும் எவ்வாறு அறியாதிருக்க முடிந்தது என்று முன்னதாக ஒரு பகுதியில் கேட்கிறார். இறுதிப் பகுதியில் அதே வினாவைப் பெத் எல்லியிடம் கேட்கிறார். ஆங்கிலத்தில் அறிபவர் எழுவாய். அறியாமை அவர் செய்த செயல்போல அமைகிறது. தமிழிலோ 'தெரி' என்னும் வினை அறிபவரை நான்காம் வேற்றுமையில் நிறுத்தும். 'உனக்கு எப்படித் தெரியாமல் போயிற்று?' என்னும் தொடரில் அறியாமை ஒருவர்க்கு நேர்ந்த ஒன்றாகிறது. குற்றச்சாட்டு இரக்கமாகத் தணிகிறது. 'எப்படித் தெரிந்துகொள்ளாமல் இருந்தாய்?' என்றால் 'கொள்' என்னும் துணைவினை பொறுப்பை மீண்டும் அறிபவர் மேல் ஏற்றுகிறது. இரு இடங்களிலும் ஒரே தொடரையே ஆளவேண்டும் என்பது ஒரு நெறி. பிறரைக் கேட்கும்போது எல்லி இரண்டாவதைக் கூறிப் பின் தாம் கேட்கப்படும்போது முதலாவதைப் பெறுவாரானால், வினா திரும்பி வந்து தாக்கும் கூர்மை மழுங்கிவிடும். தோழியே அக்கேள்வியைக் கேட்பதால் அது மென்மையாகவே இருக்கும் என எண்ணுதல் தவறு. நட்பு அக்கேள்வியில்தான் முறிகிறது.

5. வினைமுற்றின் கட்டாயம்

ஒருவரைப் பன்மையால் கூறுதலை வழக்கில் அமைந்த உயர்சொல்லாகத் தொல்காப்பியம் குறிப்பிட்டு, அதனை இலக்கண நெறியினின்று வேறுபடுத்துகிறது. இன்றோ அவ்வழக்கு வினைமுற்றின் ஈற்றிலேயே உறைந்துவிட்டது. பெயரை விடுத்தாலும் 'சொன்னான்', 'சொன்னார்' என ஈறு காட்டிக்கொடுக்கும். திரையடி உரையின் இரண்டு வரிகளுக்குள் இதிலிருந்து தப்ப இடமில்லை. கொலையாளி ஆணா பெண்ணா என்பது மறைக்கப்பட வேண்டிய தொடர்களில் 'கொன்றவர்' என்பது பாலை மறைக்கிறது; கூடவே மரியாதையையும் ஏற்றிவிடுகிறது. 'கொன்றது யார்?' என்னும் அஃறிணை வடிவம் இரண்டையும் தவிர்க்கும். தமிழின் இவ்வசதியைப் பயன்படுத்தும் திறன் மொழிபெயர்ப்பாளர்க்கு இன்றியமையாதது.

6. முடிவுரை

குடும்பத்துக்காகவே எல்லாம் செய்ததாகத் தொடர் முழுவதும் கூறிவரும் வால்ட்டர், 2013 செப்டம்பர் 29இல் வெளிவந்த இறுதிப் பகுதியில் தமக்காகவே செய்ததாக மனைவியிடம் ஒப்புக்கொள்கிறார். ஒரே சொல் பல பருவங்களில் தேய்ந்து பொய்யாகிப்போனதை அவ்வொப்புதல் உணர்த்துகிறது. 'குடும்பம்' என்பதை ஓரிடத்தில் வீடு என்றும் மற்றோரிடத்தில் சொந்தம் என்றும் தமிழின் இயல்பு கருதி மாற்ற நேரலாம். அவர் தம்மை நியாயப்படுத்தும் இடங்களில் மட்டும் ஒரே சொல்லே நிற்றல் வேண்டும். முன்னர்க் கூறிய மன்றாட்டுக் காட்சியில் 'சகலை' என உறவை நேரே சுட்டுவது இதற்கு முரணன்று. அங்கு அவர் நியாயம் கூறவில்லை, உயிர்ப்பிச்சை கேட்கிறார்.

இவ்விரு தொடர்களும் உறவு முறிவதை உரத்த வசனங்களில் காட்டவில்லை. மாறாத விளி, ஒருமுறை மாறும் பெயர், திரும்பி வரும் ஒரு வினா ஆகியவற்றில் காட்டுகின்றன. துப்பறியும் நிகழ்ச்சிகளைப் பிழையின்றிப் பெயர்த்து இவற்றைத் தவறவிடும் மொழிபெயர்ப்பு கதையைத் தரும், தொடரைத் தராது. தமிழின் உறவுமுறை வளம் இங்குச் சுமையாக மட்டும் இல்லை. சகலை, சித்தப்பா, சின்னம்மா என்னும் சொற்கள் மூலம் கூறாததையும் கூறவல்லவை. எங்கு அவற்றைக் கூறவிட வேண்டும், எங்கு அடக்க வேண்டும் என்பதை ஒவ்வொரு காட்சியிலும் ஆராய்ந்து துணிதலே மொழிபெயர்ப்பாளரின் கடமையாகும்.