கவனமும் நரம்பணுக்களின் தடுமாற்றமும்

கவனம் என்பது விளக்கைத் தூண்டிவிடுவது போன்றது. உற்று நோக்குங்கால் மூளையின் நரம்பணுக்கள் மிகுதியாகத் துடிக்கின்றன என்று விளக்குவோர் பலர். இவ்விளக்கம் பாதி உண்மையே.

ஒரே காட்சியைப் பன்முறை காட்டினும் நரம்பணுவின் துடிப்பெண்ணிக்கை முறைக்கு முறை வேறுபடும். குரங்குகளின் ‘வி4’ என்னும் பார்வைப் பகுதியை ஆராய்ந்த மிட்செல், சண்ட்பர்க், ரெனால்ட்ஸ் ஆகியோர், கவனம் இவ்வேறுபாட்டைக் குறைப்பதை 2007இல் காட்டினர். 2009இல் இன்னும் ஆழமான செய்தி வெளிவந்தது. பல அணுக்கள் ஒருங்கே ஏறியும் இறங்கியும் தடுமாறும் நிலையைக் கவனம் தளர்த்துகிறது என்று அம்மூவரும், கோகன், மான்செல் இருவரும் தனித்தனியே கண்டனர். அணுக்கூட்டத்தின் திறன் கவனத்தால் உயர்வதில் 80 விழுக்காட்டுக்கு மேல் இத்தளர்வினாலேயே விளைகிறது என்பது பின்னவர் கணிப்பு.

காரணம் தெளிவு. ஒரு நிலத்தைப் பலர் தத்தம் கோலால் அளப்பின், பிழைகள் ஒன்றையொன்று ஈடுசெய்யும். பிழையுள்ள ஒரே கோலால் அனைவரும் அளப்பின், எத்தனை முறை அளந்தும் பயனில்லை.

எனினும் இதனையும் முடிந்த முடிபாகக் கொள்ளலாகாது. எதிரெதிர் முடிவுகளுக்குச் சான்றாகும் அணுக்களிடையே கவனம் ஒருமிப்பைக் கூட்டவும் செய்யும் என ரஃப், கோகன் இருவரும் 2014இல் நிறுவினர். ஆகவே, துடிப்பைக் கூட்டுவதோடு அணுக்களின் உறவையும் வேலைக்கேற்ப மாற்றியமைப்பது கவனம் எனலே பொருந்தும். விளக்கு உவமையைக் கையாளும் ஆசிரியர் இதனையும் சேர்த்துரைத்தல் நன்று.