உண்போர் நடுவே ஒரு கிட்டார்

ரோமையில் பயின்ற நாள்களில், ஒரு கோடை விடுமுறையின்போது, மத்ரித் நகரின் சிற்றுணவகம் ஒன்றில் இரவு உணவருந்திக்கொண்டிருந்தேன். மூலையில் ஒருவர் ஃபிளமெங்கோ கிட்டார் வாசித்தார். தாளக்கட்டுக்குள் அடங்காமல், நின்று நின்று நடந்தது அந்த இசை. அதன் மௌனங்களில் தட்டுகளின் ஓசை புகுந்தது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அவர் அதை விடுத்து, துள்ளலான ரும்பா ஒன்றைத் தொடங்கினார். உடனே மேசைகளில் விரல்கள் தாளமிட்டன; என் விரல்களும்தான்.

முதலில் அவர் வாசித்தது தரந்தா என்னும் வகை. அடுத்தது பாக்கோ தெ லூசியாவின் ‘என்ட்ரே தோஸ் ஆகுவாஸ்’ என்று பின்னர் அறிந்தேன். ‘இரு நீர்களுக்கிடையே’ என்பது அதன் பொருள். அட்லாண்டிக்கும் மத்தியதரைக் கடலும் கலக்கும் ஜிப்ரால்டர் நீரிணையருகே, அல்ஹெசிராஸ் ஊரில் 1947-இல் பிறந்தவர் அவர். இந்த ரும்பா இடம்பெற்ற 1973-ஆம் ஆண்டு இசைத்தட்டின் தலைப்பு ‘ஃபுவென்தே இ கௌதால்’. ஊற்றும் பெருக்கும் எனலாம். அத்தலைப்பைத் தாங்கி நிற்பதோ ரும்பா அன்று, ஒரு தரந்தா!

இவ்விரண்டையும் அடுத்தடுத்துக் கேட்பவர்க்கு உணவகத்தின் இயல்பு விளங்கிவிடும். ரும்பாவுக்குப் பொங்கோ முரசும் பேஸ் கிட்டாரும் துணை. சில சுரக்கட்டுகளே சுழன்று வர, அவற்றின்மேல் கற்பனை விளையாடுகிறது. பாதியில் செவி கொடுத்தாலும் இன்பம் குறைவதில்லை. தென்கிழக்கு ஸ்பெயினின் சுரங்கத் தொழிலாளர் பாடல்களிலிருந்து வந்த தரந்தாவோ அவ்வாறன்று. ஃபிளமெங்கோ கிட்டாரின் முதுகும் பக்கங்களும் மரபாக இலேசான சைப்ரஸ் மரத்தாலானவை. அதன் நாதம் கூர்மையாக எழுந்து விரைவில் அடங்குவது. நாதம் அடங்கியபின் வரும் மௌனமும் தரந்தாவின் ஒரு பகுதியே. அம்மௌனத்தைக் கேட்பவர்தாம் காத்துத் தர வேண்டும்.

அப்படியானால், உணவகம் இக்கலையைக் கெடுத்ததா? 1922-இல் இசையமைப்பாளர் மனுவேல் தெ ஃபாயாவும் கவிஞர் லோர்க்காவும் அவ்வாறே அஞ்சினர். மதுக்கூட மேடைகளால் தூய மரபு அழிகிறதென்று கருதி, கிரானாதாவில் ஒரு பாட்டுப் போட்டி நடத்தினர். இருபத்தோரு வயதைக் கடந்த தொழில்முறைப் பாடகர்களுக்கு அதில் இடமில்லை. அவர்களது அக்கறை உயர்ந்தது. ஆயினும் தீர்ப்பு முழுமையானதன்று. பாடகருக்குப் பின்னே அமர்ந்திருந்த கிட்டாரைத் தனித்து நிற்கும் கலையாக வளர்த்தவர்களுள் தலையாயவர் ரமோன் மொந்தோயா. அவர் பழகியது மத்ரித்தின் அத்தகைய மதுக்கூடங்களில். 1936-இல் பாரிஸில் தனிவாசிப்பைப் பதிவுசெய்தார். பாக்கோவின் தந்தையும் இரவுதோறும் பிறர் களிப்புக்காக வாசித்துக் குடும்பம் காத்தவரே. கூலிக்கு வாசித்த அந்த இரவுகள் இல்லையேல் இந்த ஊற்று வற்றியிருக்கும். உண்போர் நடுவே வாசிப்பதை இழிவென்பது, உழைத்து உண்பதை இழிவென்பதாகும்.

எனினும் ஓர் ஆபத்து உண்டு. கைதட்டல் எதற்குக் கிடைக்கிறதோ அதையே கை தேடிப் பழகிவிடும். வேகம் மிகும், ரும்பாவின்மேல் ரும்பா வரும், தரந்தா மறக்கப்படும். இக்குற்றத்தில் கலைஞனின் பங்கைவிட நம் பங்கே பெரிது. பாக்கோவின் சிறப்பு, ரும்பாவால் திரண்ட கூட்டத்தைக் கண்டு அவர் தரந்தாவைக் கைவிடாததே. 1975-இல் மத்ரித்தின் அரச அரங்கான தெயாத்ரோ ரியாலில் அவர் கிட்டார் ஒலித்தபோது, மக்கள் உண்பதற்கு வரவில்லை; கேட்பதற்கே வந்தனர். 2014-இல் அவர் மறையும்வரை ஊற்றும் பெருக்கும் அவரிடம் பிரியவில்லை.

அன்றிரவு நான் உணவுக்குரிய விலையைக் கொடுத்துவிட்டு வெளியேறினேன். வாசித்தவரிடம் ஒரு சொல்கூடச் சொல்லவில்லை; அவர் முகமும் நினைவில் இல்லை. அந்தக் கடன் இன்னும் உறுத்துகிறது. அதனால்தானோ என்னவோ, இன்று அந்த இசைத்தட்டைக் கேட்க அமரும்போதெல்லாம், கதவைச் சாத்திவிட்டு முதலில் தரந்தாவையே கேட்கிறேன்.